கதவைத் திறந்தால் உப்பு, சாத்தினால் தூசி: கடலோர மரப்பட்டறைக்கு ஒரு காற்று வடிகட்டி

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் போகும் வழியில் நிலம் ஒடுங்கிக்கொண்டே போகும். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இந்தப் பக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் மரப்பட்டறை வைத்திருப்பவருக்குக் காற்றுக்குப் பஞ்சமே கிடையாது. கச்சான் அடித்தால் தெற்குக் கடலிலிருந்து வரும், வாடை அடித்தால் வடக்குக் கடலிலிருந்து வரும். அதனால்தான் என் பட்டறையில் மேலே தொங்கும் பெட்டியைப் பார்க்கிற ஒவ்வொருவரும், "இவ்வளவு காத்து அடிக்கிற ஊர்ல தூசியை வடிகட்ட மெஷினா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த பதிலை விவரமாகவே எழுதுகிறேன். இதே கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரை வீட்டிலேயே மரவேலை செய்கிற பலருக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

இங்கே காற்று சும்மா வருவதில்லை, உப்போடு வருகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மணலையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. கதவு இரண்டையும் திறந்து வைத்து வேலை பார்த்தால் தூசி போய்விடும், உண்மைதான். ஆனால் டேபிள் சா என்கிற மேசை ரம்பத்தின் இரும்புப் பலகை ஒரே ராத்திரியில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். உளியின் வாயில் புள்ளி புள்ளியாகத் துரு ஏறும். பாலிஷ் போட்ட பலகையில் மணல் ஒட்டும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் சாதாரண உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீராகிவிடும். நம் கரையில் ராத்திரியிலும் விடியற்காலையிலும் அந்த அளவைத் தாண்டுவது வழக்கமான விஷயம். இரும்பின் மேல் படிந்த உப்புத்தூள் மழையே இல்லாமல் உப்புநீராக மாறுவது இப்படித்தான். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான செக்ரி, துருப்பிடிப்பைச் சோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால், இந்த மண்ணின் காற்று எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

எக்ஸாஸ்ட் பேன் வைத்துத் தூசியை வெளியே தள்ளினாலும் இதே கதைதான். உள்ளே இருந்து எவ்வளவு காற்று வெளியே போகிறதோ, அதே அளவு உப்புக் காற்று ஓட்டுச் சந்திலும் கதவிடுக்கிலும் உள்ளே வந்தே தீரும். ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு இருக்கிற வழி, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற காற்றையே திரும்பத் திரும்ப வடிகட்டுவது.

என் தாய்மாமா ஓடாவி, அதாவது படகு கட்டும் தச்சர். வத்தை, வல்லம் என்று கட்டிப் பழகிய கை. அவர் வந்து பெட்டியை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மாப்ள, நாங்க காலம் பூரா மரத்தூள்லயேதான் கெடந்தோம். எங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார். நான் அவரிடம், "மாமா, நீங்க வாய்ச்சியால செதுக்குனீங்க, இழைப்புளியால இழைச்சீங்க. அதுவும் கடற்கரையில, வெட்டவெளியில. வந்தது சிராயும் சுருளும். காலடியில விழுந்துச்சு. நான் நாலு சுவத்துக்குள்ள மெஷின்ல உப்புத்தாள் போடுறேன். வர்றது மாவு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அவர் காலத்து வேலைக்கும் என் வேலைக்கும் நடுவில் மாறியது மரம் அல்ல, தூசித் துகளின் பருமன். இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான். தரையில் குவிகிற மரத்தூள் அதைவிடப் பெரியது, துடைப்பத்தால் கூட்டிவிடலாம். சாண்டரும் (உப்புத்தாள் போடும் மெஷின்) ரூட்டரும் (மரத்தில் பள்ளம் வெட்டும் மெஷின்) கிளப்புகிற தூசியில் 10 மைக்ரானுக்குக் கீழேயும் நிறைய உண்டு. அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஆள் உயரத்திலிருந்து தரைக்கு வரவே பத்து நிமிடம் வரை ஆகும். 1 மைக்ரான் துகளுக்கு அரை நாளுக்கு மேல் வேண்டும். பட்டறையில் காற்று அசையாமலும் இருக்காது. வேலை முடிந்து, காபி குடித்துவிட்டு, கூட்டிப் பெருக்க வருகிற நேரத்திலும் அது மூக்கின் உயரத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். சன்னல் வழியே வெயில் சாய்வாக விழும்போது தெரிகிறதே, அது அந்தக் கூட்டத்தில் பெரிய துகள்கள் மட்டும்தான். மிகச் சிறியது கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலின் அடிவரை போவதும் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூசியை 1995-லேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்துவிட்டது. மூக்கையும் அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளையும் பாதிக்கும் புற்றுநோய் அது. ஐரோப்பிய ஒன்றியம் கடின மரத்தூசிக்கு ஒரு கனமீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. மூடிய அறையில் சாண்டர் ஓடினால் அதைத் தாண்டுவது மிகச் சுலபம்.

எனக்கு வேலை குவிவது மீன்பிடித் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பழுது பார்ப்பு எல்லாம் அப்போதுதான். கேபின் கதவு, பெட்டி மூடி, பலகை என்று வந்துகொண்டே இருக்கும். மற்ற மாதங்களில் வீட்டுச் சாமான்கள். வேம்பு, வாகை, பூவரசு, அவ்வப்போது தேக்கு. வேப்பந்தூள் தொண்டையில் கசந்து இறங்கும். தேக்குத் தூசி சிலருக்குத் தோலில் தடிப்பையும் அரிப்பையும் கொண்டுவரும், அந்த மரத்தில் இயற்கையாகவே இருக்கிற வேதிப்பொருள்தான் காரணம். தடைக்காலத்தில் நாள் முழுக்க சாண்டர் ஓடும். அது முடிந்த கையோடு கச்சான் ஏறிவிடும், கதவைத் திறக்கவும் முடியாது. இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் வடிகட்டி வைத்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மேலே தொங்குகிற வடிகட்டி, தூசி பிறக்கிற இடத்தில் பிடிக்கிற உறிஞ்சிக்கு மாற்று ஆகாது. தூசி அறை முழுக்கப் பரவி, உங்கள் மூக்கைக் கடந்த பிறகுதான் அது வடிகட்டிக்குப் போய்ச் சேரும். ஆகவே கையில் கொஞ்சம் காசுதான் இருக்கிறது என்றால், முதல் செலவு சாண்டரோடு குழாயில் சேர்க்கிற வேக்குவம் கிளீனர். இரண்டாவது, முகத்தில் இறுக்கமாக உட்காருகிற என்95 மாஸ்க். மூன்றாவதுதான் இந்தப் பெட்டி. இந்த வரிசையை மாற்றாதீர்கள். இரண்டையும் செய்த பிறகும் தப்பித்து மிதக்கிற மிச்சத்தைப் பிடிக்கத்தான் இது.

அளவுக்கு வருவோம். அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் பெருக்குங்கள். என்னுடையது 18 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. மொத்தம் 2,160 கன அடி. அந்தக் காற்று முழுவதும் ஒரு மணி நேரத்தில் 6 முதல் 10 முறை வடிகட்டியைக் கடக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 8 என்று வைத்தால் 17,280. அதை 60-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 288 கன அடி. கடையில் பேன் வாங்கும்போது அட்டையில் பெரும்பாலும் மணிக்கு இத்தனை கனமீட்டர் என்று போட்டிருப்பார்கள். அதை 1.7-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கான கன அடி வந்துவிடும். ஆனால் அட்டையில் இருப்பது எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது தள்ளுகிற அளவு. வடிகட்டியை முன்னால் வைத்தால் இறக்கை பேன் பாதியாகக்கூடக் குறைந்துவிடும். அதனால் தேவையைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாமல் எடுங்கள். எனக்கு மணிக்கு 1,000 கனமீட்டருக்கு மேல் தள்ளுகிற பேன் வேண்டியிருந்தது. கூண்டு வடிவச் சக்கரம் வைத்த ப்ளோயர் கிடைத்தால் இன்னும் நல்லது. தடை இருந்தாலும் அது அவ்வளவாகச் சோராது.

படுக்கையறைக்கு விற்கிற ஏர் பியூரிபையரை வைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். சிறிய அறையில், கை வேலை மட்டும் செய்பவருக்குப் போதலாம். சாண்டர் ஓடுகிற பட்டறையில் அதன் மெல்லிய வடிகட்டி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், மாற்றி மாற்றியே கை கடித்துவிடும். இதே காரணத்தால்தான் ஹெப்பா வடிகட்டியையும் நான் எடுக்கவில்லை. அது 0.3 மைக்ரானில் 99.97 சதவீதம் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் காற்றுக்கு அது தருகிற தடை மிக அதிகம், சாதாரண பேன் திணறிவிடும். மெர்வ் என்பது வடிகட்டி எவ்வளவு பிடிக்கும் என்று சொல்கிற தர எண். மெர்வ் 13 தர வடிகட்டி 1 முதல் 3 மைக்ரான் துகளில் குறைந்தது 85 சதவீதமும், 3 முதல் 10 மைக்ரானில் 90 சதவீதமும் பிடிக்கிறது. அதே காற்று மணிக்குப் பல முறை அதன் வழியாகப் போகப்போகிறது. ஒரே முறையில் முழுதாகப் பிடிக்கிற வடிகட்டியைவிட, பலமுறை தாராளமாகக் காற்றை விடுகிற வடிகட்டி பட்டறைக்கு ஏற்றது என்பது என் முடிவு.

பெட்டியை ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்டில் செய்தேன். 2 அடிக்கு 2 அடி வாய், சுமார் 3 அடி நீளம். முதலில் கழுவக்கூடிய முரட்டு வடிகட்டி, அடுத்து மெர்வ் 13, கடைசியில் பேன். இந்த வரிசையில் பேன் காற்றை இழுக்கும், தள்ளாது. மோட்டாருக்கு வந்து சேர்வது வடிகட்டிய காற்று. வடிகட்டி உட்காருகிற சட்டம் முழுக்க ஸ்பாஞ்ச் டேப் ஒட்டி, தள்ளி இறுக்குகிற ஆப்பு வைத்திருக்கிறேன். இதில் சோம்பல் கூடாது. ஓரத்தில் ஒரு நூல் இடைவெளி இருந்தாலும் காற்று சுலபமான வழியைத்தான் தேடிப் போகும், தூசியும் அதோடு போகும். வடிகட்டியின் வாய் பெரிதாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு. இந்த 2 அடி வடிகட்டிகள் பெரிய கட்டடங்களின் ஏசிக்குச் செய்யப்பட்டவை, நிமிடத்துக்கு 2,000 கன அடி வரை தாங்கும். நாம் விடுவது அதில் ஏழில் ஒரு பங்கு. காற்று மெதுவாகக் கடக்கிறது, தடை குறைகிறது, சத்தமும் குறைகிறது.

வடிகட்டி வாங்கும்போது சட்டத்தைப் பாருங்கள். அட்டைச் சட்டம் நம் ஊர் ஈரத்தில் தளர்ந்து தொங்கிவிடும். ஜிஐ தகடு, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, துருப்பிடிக்கும். அலுமினியம் அல்லது பிளாஸ்டிக் சட்டம் கேட்டு வாங்குங்கள். ஸ்க்ரூ, ஆங்கிள், தொங்கவிடும் கம்பி எல்லாம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்). அதிலும் 316 தரம் கிடைத்தால் அதையே எடுங்கள், 304 கடலோரத்தில் பழுப்புக் கறை கட்டும். தலைக்கு மேல் தொங்குகிற கனம் இது, இரண்டு கம்பி துருப்பிடித்து அறுந்தாலும் மற்றவை தாங்கும்படி தொங்கவிடுங்கள்.

எங்கே மாட்டுவது என்பதற்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். நிரந்தரமாக மாட்டுவதற்கு முன்னால் கயிற்றில் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தேன், கையில் ஊதுபத்தி. அறையின் ஒவ்வொரு மூலையிலும் புகை எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பார்க்க வேண்டும். நீளமான சுவருக்கு இணையாக, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஆள் தலைக்கு மேலே வைத்தபோது காற்று அந்தச் சுவரோரமாக ஓடி, எதிர்ச் சுவரில் திரும்பி, அறை முழுக்க ஒரு வட்டம் போட்டு மறுபடியும் வாய்க்கு வந்தது. நடு அறையில் வைத்தபோது மூலைகளில் புகை அப்படியே நின்றது. இன்னொன்றையும் கவனியுங்கள். சாண்டர் போடுகிற மேசைக்கும் வடிகட்டியின் வாய்க்கும் நடுவில் உங்கள் முகம் வரக் கூடாது. வந்தால் தூசியை உங்கள் மூக்கு வழியாகவே அது இழுத்துக்கொள்ளும். வாய் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். சீலிங் பேன் ஓடினால் இந்த வட்டம் கலைந்துவிடும், படிந்த தூசியும் எழும்பும். வேர்க்கத்தான் செய்யும். நான் சுவரோரம் ஒரு சின்ன பேனை முதுகுப் பக்கம் வைத்துக்கொள்கிறேன், அதுவும் வட்டம் சுற்றுகிற திசையிலேயே.

வேலை செய்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு பிஎம் 2.5 மீட்டர், அதாவது காற்றில் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகளை அளக்கும் கருவி வேண்டும். கதவைச் சாத்தி, ஊதுபத்தி கொளுத்தி, அளவு நன்றாக ஏறியதும் அணைத்துவிடுங்கள். இப்போது வடிகட்டியைப் போட்டு, மீட்டரில் உள்ள எண் பாதியாகக் குறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். 42-ஐ அந்த நிமிடத்தால் வகுத்தால், ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை சுத்தமான காற்று மாறுகிறது என்பது கிடைக்கும். எனக்கு 7 நிமிடத்துக்குப் பக்கத்தில் வந்தது, அதாவது 6 முறை. ஊதுபத்திப் புகை மரத்தூசியைவிட நுண்ணியது, வடிகட்டியில் அதிகம் தப்பும். அதிலேயே 6 என்றால் மரத்தூசியில் இன்னும் மேலாகவே இருக்கும். 6 முறை மாறுகிற அறையில் மிதக்கிற தூசி 20-இல் ஒரு பங்காகக் குறைய அரை மணி நேரம் ஆகும். அதனால் வேலை முடிந்ததும் வடிகட்டியை அணைக்காதீர்கள். நான் டைமர் வைத்து ஒரு மணி நேரம் ஓடவிடுகிறேன், அந்த நேரம் முழுக்க உள்ளே போவதில்லை. மாஸ்க்கைக் கழற்றுவதும் வெளியே வந்த பிறகுதான். கரண்ட் போய்விட்டால் நானும் வெளியே வந்துவிடுவேன்.

மீட்டர் விஷயத்தில் கடலோரக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். விடியற்காலையில், எந்த வேலையும் நடக்காத பட்டறையில்கூட எண் எகிறி நிற்கும். பதற வேண்டாம். இந்த மலிவு மீட்டர்கள் துகளின் மேல் பட்டுச் சிதறுகிற வெளிச்சத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. ஈரத்தில் கடல் உப்புத் துகள் நீரை உறிஞ்சி ஊதிப் பெரிதாகும், மீட்டர் அதைத் தூசி என்று எண்ணிக்கொள்ளும். சோதனையை வெயில் ஏறிய பிறகு செய்யுங்கள். ஒரே நாளில், ஒரே ஈரத்தில், வடிகட்டி ஓடும்போது எவ்வளவு, ஓடாதபோது எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். தனியாக ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அதே உப்பு, வடிகட்டியையும் விடுவதில்லை. உள்நாட்டில் முரட்டு வடிகட்டியைத் தட்டினாலே தூசி உதிர்ந்துவிடும். இங்கே உப்பும் ஈரமும் சேர்ந்து மரத்தூளைத் தோசைக் கல்லில் ஒட்டிய மாவு மாதிரி அப்பிவிடும். கழுவித்தான் எடுக்க வேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் உப்பை மறுபடியும் ஏற்றி வைத்த மாதிரிதான் ஆகும். கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும், ஒரு குடம் போதும். நிழலில் முழுக்கக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். மாற்றிப் போட இரண்டாவது முரட்டு வடிகட்டி ஒன்று வைத்துக்கொள்வது மிகவும் வசதி. மெர்வ் 13-ஐ மட்டும் கழுவவே கூடாது. அதன் இழைகளில் இருக்கிற நிலைமின்சாரம்தான் நுண்ணிய துகளைப் பிடிக்கிறது, தண்ணீர் பட்டால் அந்தச் சக்தி போய்விடும். கம்ப்ரஸர் காற்றை அடித்தாலும் இழை கிழியும். ஊதுபத்திச் சோதனையில் பாதியாகக் குறைகிற நேரம் கூடிக்கொண்டே போனால், முரட்டு வடிகட்டி சுத்தமாக இருந்தும் அப்படித்தான் என்றால், புதிது வாங்குகிற நேரம் வந்துவிட்டது. கழற்றும்போது மாஸ்க் அவசியம். அந்த இடத்திலேயே ஒரு சாக்கில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

கரண்ட் வேலையை எலக்ட்ரீஷியன் தம்பியிடம்தான் கொடுத்தேன். மூடிய ஜங்ஷன் பாக்ஸ், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே துண்டிக்கிற பாதுகாப்பு ஸ்விட்ச் என்று கேட்டு வாங்கினேன். கடலோரத்தில் செம்புக் கம்பியின் முனை பச்சை பூத்துவிடும், பிடிப்பு தளரும், சூடேறும். மரத்தூள் இருக்கிற அறையில் சூடேறிய முனை ஆபத்து. வருடம் ஒருமுறை திறந்து பார்த்து இறுக்கச் சொல்லுங்கள். பேனுக்கும் பெட்டிக்கும் நடுவில் ரப்பர் துண்டு வைத்தேன். ராத்திரி கடலுக்குப் போய்வந்து பகலில் தூங்குகிறவர்கள் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள், அவர்கள் தூக்கம் கெடக் கூடாது.

இந்தப் பெட்டியால் ஆகாத வேலைகளும் உண்டு. பிளைவுட், எம்டிஎப் (மர இழையைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அறுக்கும்போது பசையிலிருந்து வருகிற பார்மால்டிஹைடு ஆவியை இது பிடிக்காது. வார்னிஷ், தின்னர் ஆவியும் அப்படித்தான். அவற்றுக்குக் காற்றோட்டமான இடம்தான் வழி. பெயிண்ட் ஸ்ப்ரே அடிக்கும்போது வடிகட்டியை ஓட்டவே வேண்டாம், மோட்டார்ப் பொறி ஆவியில் பட்டால் தீப்பிடிக்கலாம். கிரைண்டரில் இரும்பு தேய்ப்பதும் வெல்டிங்கும் இந்த அறையில் கூடாது. ஒரு பொறி மரத்தூள் அப்பிய வடிகட்டிக்குள் போனால் உடனே தெரியாது, உள்ளுக்குள் கனன்று பிறகுதான் பற்றும். பைபர் படகின் உடற்பகுதியைத் தேய்த்துத் தரச் சொல்லி வருகிறவர்களையும் வெளியே, காற்றுக்குக் கீழ்ப்பக்கமாக வைத்துத்தான் செய்து தருகிறேன். கண்ணாடி இழைத் தூசியை வீட்டுக்குப் பக்கத்து அறைக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை.

காற்று அடங்கியிருக்கும் பிப்ரவரி, மார்ச் பகல்களில் நான் கதவைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்கிறேன். அந்த மாதங்களில் வடிகட்டி பெரும்பாலும் ஓய்வில் இருக்கும், வாயை ஒரு துணியால் மூடி வைப்பேன். மார்ச் கடைசியில் துணியை எடுத்து, முரட்டு வடிகட்டியைக் கழுவி, எஸ்எஸ் கம்பிகளை ஒருமுறை கையால் இழுத்துப் பார்த்து, ஊதுபத்திச் சோதனையை மறுபடி செய்கிறேன். படகுகள் கரையேறி வேலை வரத் தொடங்கிவிட்டால் அப்புறம் இதற்கெல்லாம் நேரம் கிடைக்காது.